தொட்டிக்குள் ஒரு சிவப்புக் கோடு

கடைசிப் பலகையையும் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் தரை என்று நாங்கள் மிதித்து நடக்கிற இடம் இப்போது தண்ணீர். ஆனால் எனக்குத் தண்ணீர் தெரியவில்லை, முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தால் மேடை விளிம்பு மறைக்கிறது, தண்ணீரின் வெளிச்சம் மட்டும் மேலே தேக்கு உத்தரங்களில் பட்டு நெளிகிறது, அதைப் பார்த்து ஆழம் சொல்ல முடியுமா, முடியாது, எழுந்து ஒரே ஒரு எட்டு வைத்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறதா, இறங்கிவிட்டதா, ஆனால் எழுந்திருக்க முடியாது, ஞானஸ்நானத்துக்கென்று வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு முன்னால் உட்கார வைத்திருக்கிற ஆள் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தால் பின்னாலிருக்கிற சபை முழுக்க, மாசிலாமணி அண்ணாச்சி பயந்துட்டாரு என்று சிரிக்கும், சிரிக்கட்டுமே, இல்லை, சிரிக்கக் கூடாது, இன்றைக்கு மட்டும் ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. பெண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி சற்குணம் கண்ணாலேயே சொல்கிறாள், காலை ஆட்டாதீங்க. நான் ஆட்டவில்லை, அது தானாக ஆடுகிறது. நேற்றுச் சாயங்காலம் தண்ணி லாரி வந்து ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனதும், பலகை போடுவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது படிவரைக்கும் இறங்கி, மரத்துக்குக் குறி போடுகிற சிவப்பு மெழுகுக்கட்டியால், தண்ணீர் சுவரைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். தண்ணீரில் அழியாத மெழுகு. விளிம்புக்கு அடியில், உள்ளே நிற்கிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற இடம். யாருக்கும் சொல்லவில்லை, கட்டின பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. ராத்திரி தாண்டியும் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றிருந்தால் தொட்டி ஒழுகவில்லை, தொட்டி ஒழுகவில்லை என்றால் மேடைக்குப் பின்சுவரில் ஓடுகிற வெடிப்புக்குக் காரணம் வேறு, காரணம் வேறு என்றால் இந்தக் கோயிலை இடிக்க வேண்டியதில்லை, ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் தொடங்கினதும் ஈர வேட்டியோடு எழுந்து நின்று சொல்லிவிடுவேன், வந்து பாருங்கய்யா என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன், சபை நிர்வாகம் பார்க்கிற டீக்கன் பாக்கியநாதனை முதல் ஆளாகக் கூப்பிடுவேன். இறங்கியிருந்தால்? இறங்கியிருக்காது. வாயை மூடு.

இத்தனைக்கும் காரணம் அந்தப் பாக்கியநாதன்தான், ரிட்டையர்டு இஞ்சினியர், இப்போதும் பக்கவாட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு, இந்தப் புழுக்கத்தில் கோட்டு, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறார். போன கூட்டத்தில் எழுந்து நின்று படமெல்லாம் போட்டுக் காட்டினார், தொட்டி ஒழுகுது, ஈரம் அஸ்திவாரத்துக்குள்ள போகுது, பின்சுவர் உக்காருது, ஆகையினால் பழசை எடுத்துவிட்டு நாலு மாடி, ஏசி ஹால், லிஃப்ட்டு. லிஃப்ட்டாம். பரலோகத்துக்கா? எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. நான் முப்பது வருஷமாகப் பழைய கட்டடம் வாங்கிப் பிரிக்கிறவன், ஜார்ஜ் டவுனில் நான் கை வைக்காத தெரு கிடையாது, எந்தச் சுவர் சாகும் எது நிற்கும் என்று எனக்குத் தெரியும், எழுந்து நின்று கத்தினேன், "ஈரம் பக்கத்துச் சாக்கடையிலேர்ந்து வருதுவே! தொட்டி ஒரு சொட்டு ஒழுகாது! ஒழுகினா நானே எங்க ஆளுங்களக் கொண்டாந்து இடிச்சுத் தாறேன், சல்லிக்காசு வாங்க மாட்டேன்!" என்று. கோபத்தில் சொன்ன வார்த்தை. கடையில் இப்படி ஒரு வார்த்தையை விட்டிருந்தால் எப்போதோ தெருவுக்கு வந்திருப்பேன். அத்தனை பேரும் அசந்து உட்கார்ந்திருந்தபோது பாக்கியநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "அண்ணாச்சி சொல்றதக் கேட்டாச்சு. ஆனா இது சபை அங்கத்தினர் கூட்டம். அண்ணாச்சி அங்கத்தினர் இல்லையே." இல்லையே என்றால்? இருபது வருஷத்துக்கு மேல் அதோ அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், காணிக்கை போட்டிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்குப் பந்தல் மரம் கொடுத்திருக்கிறேன், சற்குணத்தை இதே மேடையில்தான் கட்டினேன், நான் அங்கத்தினர் இல்லையா? பாஸ்டர் தியோப்பிலஸ் சங்கடப்பட்டுக்கொண்டே விளக்கினார், தெற்கே எங்கள் ஊரில், நாசரேத்துப் பக்கத்தில், கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு நெற்றியில் தெளித்தது இந்தச் சபையில் செல்லாதாம், அறிவு வந்து, தானாகக் கேட்டு, முழுக்க முங்கி எழுந்தவனுக்குத்தான் இங்கே கை தூக்க உரிமை. எனக்குத் தெரியும், தெரியாமல் என்ன, சற்குணம் வீட்டுக்காரர்கள் எல்லாரும் முங்கினவர்கள், ஆனால் அது ஏதோ அவர்கள் வழக்கம், நமக்கென்ன என்று விட்டிருந்தேன், வருஷக் கூட்டங்களுக்கெல்லாம் போய்க் கை தூக்கியும் இருக்கிறேன், ஒருத்தரும் எண்ணியதில்லை போலிருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாக என் கையும் காற்றில் நின்றுவிட்டு இறங்கியிருக்கிறது. இங்கே எல்லாம் கை தூக்கித்தான் முடிவு, பிஷப் கிடையாது, மேலிடம் கிடையாது, பாஸ்டருக்கும் ஒரு கை, வாசல் கூட்டுகிற எஸ்தருக்கும் ஒரு கை, எனக்கு மட்டும் கை இல்லை. யாரோ பின்னால் கிளுக்கென்று சிரித்தார்கள். "அப்ப முக்குங்கய்யா என்னை!" என்று கத்தினேன். கோயிலே சிரித்தது. மாடி வரிசைகூடச் சிரித்தது.

மாடி. மூன்று பக்கமும் ஓடுகிற மரமாடி, அதைத் தாங்குகிற வார்ப்பிரும்புத் தூண்கள், மெல்லிசு, பெண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி, கப்பலில் வந்து இறங்கினவை, ஒவ்வொன்றின் காலடியிலும் வார்த்தவன் பேர் இருக்கிறது, பெயிண்ட் அடித்து அடித்து மூடிவிட்டார்கள், நான் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். முகப்பில் நாலு கொழுத்த தூண், மேலே முக்கோணம், கோபுரம் கிடையாது, சிலுவைகூட வெளியே கிடையாது, புதிதாக வருகிறவன் கோர்ட்டு என்று நினைத்து உள்ளே வந்து வக்கீலைத் தேடுவான், சற்குணத்தின் அப்பா சொல்வார், வரட்டும், எல்லாருக்கும் கேஸ் இருக்கு என்று. உள்ளே வந்தால் பலிபீடம் கிடையாது, நடுவில் பிரசங்க மேடை, அவ்வளவுதான், வார்த்தையும் தண்ணீரும் போதும் என்று கட்டின ஆட்கள். அந்தத் தண்ணீர்தான் முதலில் வந்தது. கயிற்றுக்கிடங்கில் கூடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர், கயிற்றுக்கிடங்குச் சபை என்று ஊர் இன்றைக்கும் அதனால்தான் சொல்கிறது, அவர்கள் ஞானஸ்நானம் எடுக்கக் கடலுக்குத்தான் போவார்களாம், ஒரு நாள் அலை அடித்து வெள்ளைக்காரப் போதகரையே உருட்டிக்கொண்டு போய்விட்டது, முங்க வந்த கட்டுமரக்காரர் பாய்ந்து போய் அவர் குடுமியை, குடுமி ஏது வெள்ளைக்காரனுக்கு, காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார், அன்றைக்கு யார் யாரை முக்கி எடுத்தது என்பது இந்தச் சபையில் இன்னும் தீராத கேள்வி. அதற்கப்புறம்தான் கடல் வேண்டாம் என்று இந்த இடத்தில் ஒரு தொட்டி வெட்டினார்கள். மேலே வெறும் ஓலைக்கொட்டகை, நடுவில் தொட்டி. தொட்டியைச் சுற்றிச் சுவர், சுவருக்கு மேல் கூரை, கூரைக்கு முன்னால் தூண், எல்லாம் அப்புறம். கோயிலுக்குள் தொட்டி கட்டவில்லை, தொட்டிக்கு மேல் கோயிலைக் கவிழ்த்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு மயிர் சிலிர்க்கிறது. கூரையைப் பாருங்கள், தேக்கு உத்தரங்களுக்கு மேல் சன்னச் செங்கல்லைக் குறுக்காக, சாய்வாக, நிறுத்தி நிறுத்தி வைத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடித்துக்கொள்ளவிட்டு, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்தது, அடி அடி என்று நாள்கணக்கில் அடித்தது, இரும்பு ஒரு துண்டு கிடையாது, எத்தனை மழை பார்த்திருக்கும், ஒரு சொட்டு கீழே விடவில்லை. பிரசங்கத்தின்போது என் வேலை இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் பாஸ்டர் வாயைத் திறந்ததும் நான் மேலே ஏறிவிடுவேன், மனசுக்குள், முதல் செங்கல்லை நெம்பி எடுப்பேன், பிறகு உத்தரம் உத்தரமாக இறக்குவேன், ஜன்னலின் பச்சைப் பலகைகளைக் கழற்றுவேன், மாடியைப் பிரிப்பேன், தூண்களைத் துணி சுற்றிப் படுக்கப்போடுவேன், முழுக் கோயிலையும் மைதானத்தில் அடுக்கிவிட்டு நிற்பேன், தொழில் புத்தி, வேறென்ன. ஆனால் விலை வைக்க மாட்டேன். ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னால் அத்தனையும் திரும்ப ஏற்றி வைத்துவிடுவேன், ஒரு ஆணி விடாமல். ஏற்றி முடிக்காமல் ஒரு ஞாயிறு வெளியே வந்துவிட்டேன், சாப்பாடு இறங்கவில்லை, சாயங்கால ஆராதனைக்குத் திரும்பி ஓடி வந்தேன். சற்குணம் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிகிறது. ரோஸ்லின் எழுந்துவிட்டாள், நர்ஸ், எனக்கு முன்னால் இரண்டாவது ஆள், ராத்திரி டூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள், முகத்தில் தூக்கமும் சிரிப்பும். பாஸ்டர் ஏற்கெனவே இறங்கி நிற்கிறார், தலை மட்டும் தெரிகிறது, இடுப்பளவு தண்ணீர் இருக்கும். இடுப்பளவா? என்ன உயரம் அவர்? நேற்று நான் நின்றபோது, இல்லை, நேற்று நான் மூன்றாவது படியில் நின்றேன், அடியில் நிற்கவில்லை, அவர் இடுப்பை வைத்துக் கணக்குப் போட முடியாது. ரோஸ்லின் இடதுபக்கப் படியில் இறங்குகிறாள், அவள் தலை மேடைக்குக் கீழே மறைகிறது, என்ன கேட்கிறார், என்ன சொல்கிறாள், குரல் தண்ணீரில் பட்டு வேறு மாதிரி எதிரொலிக்கிறது, இப்போது கைக்குட்டையை அவள் மூக்கில் வைப்பார், வைப்பார், மல்லாக்கச் சாய்ப்பார். மூக்கில் கை. எனக்கு மூக்கில் கை வைத்தால் ஆகாது. சௌகார்பேட்டையில் நான் சித்தாளாக இருந்தபோது ஒரு வீட்டு மச்சு, இதே மாதிரிச் சுண்ணாம்பு மச்சு, அடியில் முட்டுக் கொடுக்காமலே உத்தரத்தை உருவச் சொன்னான் மேஸ்திரி, உருவினேன், மொத்தமும் என்மேல் உட்கார்ந்தது, இருட்டு, வாயெல்லாம் சுண்ணாம்பு, மூக்கெல்லாம் சுண்ணாம்பு, கத்த வாயைத் திறந்தால் இன்னும் உள்ளே போகிறது, வெளியே என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, பேர் யாருக்குத் தெரியும், டேய் ஆள் போச்சுடா, டேய் ஆள் போச்சுடா என்றுதான் கேட்டது. தோண்டி எடுத்தார்கள். எடுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த மேஸ்திரி கேட்ட முதல் வார்த்தை, உத்தரம் உடையலையே? உடையவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் உத்தரம் என்னுடையது, மேஸ்திரி நான். அதிலிருந்து சலூனில் முகத்துக்கு ஈரத்துணி வைத்தால்கூட எழுந்து ஓடிவிடுவேன். முங்குவது என்றால் சாவுக்கும் அடக்கத்துக்கும் அடையாளம் என்று பாஸ்டர் வகுப்பில் சொன்னபோது, "என்னை ஏற்கெனவே ஒரு தடவை அடக்கம் பண்ணியாச்சு பாஸ்டர், அதைக் கணக்குல வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சளப்பென்று சத்தம். ரோஸ்லின் எழுந்துவிட்டாள். மேடை விளிம்பில் தண்ணீர் வழிந்து பளபளக்கிறது. அடடா, தண்ணீரை வெளியே தள்ளுகிறார்கள். இப்படி ஒவ்வொருத்தரும் தள்ளினால் என் கோடு என்ன ஆவது? சரி, அதுவும் நல்லதுதான், கொஞ்சம் இறங்கியிருந்தால் அதனால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரிடம் சொல்ல? யார் கேட்டார்கள் இப்போது?

"வோட்டுக்காகவா அண்ணாச்சி?" என்றுதான் பாஸ்டர் முதல் வகுப்பில் கேட்டார். சின்ன வயசு, என் மகன் வயசிருக்கும், ஆனால் பார்க்கிற பார்வை கிழவன் பார்வை. "ஆமா பாஸ்டர், வோட்டுக்காகத்தான், உங்ககிட்ட பொய் சொல்லுவானேன்." "வோட்டுக்காக முக்க எனக்கு அதிகாரம் இல்லயே." "எதுக்காக முக்குவீங்க?" "நீங்க நம்பினா." நம்பிக்கை என்றால் என்ன, அண்ணாச்சி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மேலே காட்டினேன். "அந்த உத்தரம் விழாதுன்னு அதுக்குக் கீழ உக்கார்றது." அடுத்த வாரமும் வாங்க என்றார். வந்தேன். மறு வாரமும் வந்தேன். சண்டை போட்டேன், எதற்கெடுத்தாலும் சண்டை, இவ்வளவு பெரிய கடவுள் ஒரு தொட்டித் தண்ணீரில் வந்து நிற்பாரா, நெற்றியில் தெளித்த தண்ணீர் என்ன வெறும் தண்ணீரா, என் ஆத்தா அன்றைக்கு அழுதாளாமே அது செல்லாதா. பாஸ்டர் பொறுமையாகச் சொன்னார், "அது அவங்க உங்களுக்காகச் சொன்ன வார்த்தை. உங்க வாயால நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல." கடைசி வகுப்பில் கேட்டார், "நீங்க பேரம் பேசறதாகவே வச்சுக்குவோம். ஆண்டவர் என்ன விலை சொல்றாருன்னு கேட்டீங்களா?" "அவரு வாயையே திறக்கல பாஸ்டர். அதான் பெரிய யாவாரி. பேசாம நிக்கிறவன்கிட்டத்தான் நாம ஏத்திக்கிட்டே போவோம்." அன்றைக்குத்தான் அவர் சிரித்தார், சிரித்து, சரி, முக்கறேன் என்றார். நான் வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன், ஏன் என்று தெரியாது, பூக்காரி பார்த்துவிட்டு என்ன அண்ணாச்சி கண்ணுல தூசியா என்றாள், சுண்ணாம்பு என்றேன். எனக்கு முந்தின ஆள் ஆரோன் எழுந்துவிட்டான். ஆட்டோ ஓட்டுகிறவன், ஆஜானுபாகு, அவன் விழுந்தால் தொட்டியே காலி. போ ஆரோன், மெதுவாக முங்கு ராசா, தண்ணீரைத் தளும்பவிடாதே, என் கோயிலை வழிய விட்டுவிடாதே. என்ன வாசனை இது? ஈரச் சுண்ணாம்பு. காலையில் உள்ளே வந்ததுமே அடித்தது, மின்விசிறி போட்டதும் போய்விட்டது என்று நினைத்தேன், இப்போது மறுபடி. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் சுண்ணாம்பு வாசனை அடிக்கத்தானே செய்யும். அடிக்கும். ஆனால் இது மேல்சுண்ணாம்பு வாசனை இல்லை, உள்ளே ஊறி, வருஷக்கணக்கில் வெயில் படாத சுண்ணாம்பு, சுவரை உடைக்கும்போது நடுவயிற்றிலிருந்து வருமே, அது. சாக்கடைப் பக்கத்து ஈரத்துக்கு இந்த வாசனை வராது. வரும். வராது. மாசிலாமணி, உனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. மொத்தத் தண்ணீரும் எகிறுகிற மாதிரி ஒரு சத்தம், சபை ஓவென்று சிரிக்கிறது, ஆரோன் தும்மிக்கொண்டே எழுந்திருக்கிறான், அல்லேலூயா என்கிறான், இன்னொரு தும்மல். என் பேரைக் கூப்பிடுகிறார்கள். முழுப் பேரும். மைக்கில். மாசிலாமணி ஞானாதிக்கம். யாரோ என்னைத் தோண்டி எடுக்கிற மாதிரி இருக்கிறது.

எழுந்தேன், நடந்தேன், மேடை ஈரம், வழுக்குகிறது, முதல் படி, இரண்டாவது படி, தண்ணீர் எங்கே, மூன்றாவது படி, இங்கேதான் நேற்று கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தது, இப்போது கால் வெறும் கல்லில் நிற்கிறது. பார்க்காதே. பார்த்தேன். சிவப்புக் கோடு அங்கே இருக்கிறது, கொஞ்சமும் அழியாமல், என் கையால் இழுத்தபடியே பளிச்சென்று, வெறும் சுவரில், தன்னந்தனியாக. தண்ணீர் அதற்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் இறங்கிக் கிடக்கிறது. ஒரு சாண். ரோஸ்லின் தள்ளினது, ஆரோன் தள்ளினது, துணி குடித்தது, காற்று குடித்தது, எல்லாம் கூட்டு, கூட்டிப் பார், இரண்டு விரல் வராது. ஒழுகுகிறது. ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது. நான் ஊரைக் கூட்டிச் சத்தியம் பண்ணின தொட்டி, கட்டுமரக்காரரும் வெள்ளைக்காரரும் கடலுக்குப் பயந்து வெட்டின தொட்டி, என் முகத்துக்கு நேராக ஒழுகுகிறது, பாக்கியநாதன் சொன்னது சரி, அந்தக் கோட்டுக்காரன் சொன்னது சரி. பாஸ்டர் கையை நீட்டுகிறார், பிடித்துக்கொண்டு இறங்குகிறேன், குளிர். யாருக்குத் தெரியும்? யோசி, சீக்கிரம் யோசி. பாஸ்டருக்கு அது வெறும் கீறல். பெஞ்சிலிருந்து ஒருத்தனுக்கும் தெரியாது. என் ஒரு கை துடைப்பு போதும், இல்லை, மெழுகு அழியாது, தேவையே இல்லை, யாரும் கேட்கப்போவதில்லை, சபை முடிந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பலகையைப் போட்டுவிடுவார்கள், அடுத்த வருஷம்வரை பலகைதான். நான் எழுந்து சொல்வேன், தொட்டி நன்றாக இருக்கிறது, நான் உள்ளே நின்று பார்த்தேன் என்று, என் வார்த்தைக்கு எதிராக எவன் பேசுவான், பாதிப் பேருக்கு இடிக்க மனசில்லை, ஒரு சாக்குத்தான் வேண்டும், கை எழும்பும், கோயில் நிற்கும். சரக்கில் ஓட்டை இருந்தால் வாங்குகிறவன் கண்டுபிடிக்கட்டும், நாம் வாயைத் திறப்பதில்லை, இதுதான் தெருவில் கற்றது, இதுதான் சோறு போட்டது. "மாசிலாமணி," என்கிறார் பாஸ்டர், அண்ணாச்சி இல்லை, வெறும் மாசிலாமணி, தண்ணீருக்குள் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம், "இயேசு கிறிஸ்துவை உன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்ளுகிறாயா?" உன் வாயால் நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றாரே. முதல் வார்த்தை இதுவாக இருக்க வேண்டும், இரண்டாவது வார்த்தை தொட்டி ஒழுகவில்லை என்பதாக இருக்குமா, அரைமணி நேரத்துக்குள்? மேலே வெளிச்சம் உத்தரத்தில் நெளிகிறது. ஆண்டவரே, பேசாமலே நின்றீரே, இத்தனை வாரம் வாயைத் திறக்காமல் நின்றீரே, இதுதானா விலை? இந்தக் கோயிலா? இது ரொம்ப அதிகம்யா. கொஞ்சம் குறைச்சுக் கேளும். எதையாவது குறையும். "அண்ணாச்சி," என்று பாஸ்டர் உதட்டை அசைக்காமல் கிசுகிசுக்கிறார், "பயமா இருக்கா?" "இருக்கு." "நான் பிடிச்சிருக்கேன்." "ஏற்றுக்கொள்ளுகிறேன்!" என்று கத்தினேன். தெருவில் கேட்டிருக்கும்.

மூக்கில் கைக்குட்டை வந்தது, இருட்டு வரப்போகிறது, சுண்ணாம்பு வரப்போகிறது என்று கண்ணை அகல விரித்துக்கொண்டேன், பின்பக்கமாகச் சாய்ந்தேன், ஒருத்தன் கையில் என் முழுப் பாரத்தையும் கொடுத்துச் சாய்ந்தேன், தண்ணீர் காதை மூடியது, முகத்தை மூடியது, இருட்டு வரவில்லை. வெளிச்சம். தண்ணீருக்கு மேலே கூரை முழுக்கத் தெரிந்தது, உத்தரங்கள் எல்லாம் வளைந்து, கட்டவிழ்ந்து, ஒன்றுக்குள் ஒன்று நீந்திக்கொண்டு, ஞாயிறுதோறும் நான் ஒவ்வொன்றாகப் பிரிக்கிற கோயிலை யாரோ ஒரே அசைப்பில் பிரித்துப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், விழவில்லை, ஒன்றுகூட விழவில்லை. கால் தரையைவிட்டு வழுக்கி மூலைக்குப் போனது. அங்கே ஏதோ என் குதிகாலைப் பிடித்தது. பிடித்து மெதுவாக உறிஞ்சியது. குளிர்ச்சியாக, ஒரு கன்றுக்குட்டி வாய் வைத்த மாதிரி. தண்ணீருக்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது, சுவர் எல்லாம் ஒழுகவில்லை, அடி எல்லாம் ஒழுகவில்லை, இங்கே, இந்த ஒரு மூலையில், ஒரு வாய். கூரை சேர்ந்துகொண்டது, உத்தரங்கள் ஓடி வந்து அததன் இடத்தில் நின்றன, நான் மேலே இருந்தேன், காற்று, மூச்சு, என்ன காற்று, சபை பாட ஆரம்பித்துவிட்டது. "ஒழுகுது!" என்றேன். பாட்டு தொடர்ந்தது. "தொட்டி ஒழுகுதுய்யா!" இரண்டாவது வரியில் பாட்டு அறுந்தது. பாஸ்டர் இன்னும் என் முதுகைப் பிடித்திருந்தார், மீசையெல்லாம் தண்ணீர், "ஆமென் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார். "ஆமென் பாஸ்டர். தொட்டி ஒழுகுது. நேத்து நான் கோடு போட்டேன், அந்தா பாருங்க செவப்பா, ஒரு சாண் எறங்கிட்டு. இஞ்சினியர் சொன்னது நெசம். நான் சொன்னது தப்பு." சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகி மிதந்துவிடும்போல இருந்தது, அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது, தோற்றவனுக்கு வருகிற சிரிப்பா இது, தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப இடிக்க ஆள் எப்ப வருது அண்ணாச்சி?" கோயில் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். "சொன்னா சொன்னதுதாம்லே, சபை கை தூக்கிச் சொல்லட்டும், கொண்டாறேன்," என்றேன், "எனக்கும் இப்ப ஒரு கை இருக்கு, மறந்துராதீங்க." பாஸ்டர் வலதுபக்கப் படியைக் காட்டினார், ஏறுங்க என்று. நான் ஏறவில்லை. "காலை எடுக்க முடியாது பாஸ்டர்." "ஏன், சுளுக்கிருச்சா?" "ஓட்டை மேல நிக்கேன்." சற்குணம் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு மேடையேறி வந்துவிட்டாள், "என்னங்க, மானத்த வாங்காதீங்க, வெளிய வாங்க," என்றாள், முகமெல்லாம் கண்ணீர், வாய் மட்டும் சிரிக்கிறது. நான் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு உருவம் மேடைமேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியநாதன் விளிம்புக்கு வந்து நின்றார். ஜெயித்தவன் முகம் எனக்குத் தெரியும், ஆயிரம் பார்த்திருக்கிறேன், இவர் முகத்தில் அதைத் தேடினேன், இல்லை, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் பரபரத்தது, சிவப்புக் கோட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க?" என்றார். "இங்க. இந்த மூலைல. என் குதிகாலுக்குக் கீழ." "மூலைலயா? அடில எல்லாம் இல்லயா?" "இல்லவே. ஒரே ஒரு எடம், அடைச்சிரலாம். வந்து தொட்டுப் பாரும்." அவர் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. வாட்சை மட்டும் கழற்றிச் சற்குணத்தின் துண்டில் வைத்தார், படியிறங்கிக் கடைசிப் படியில் முழங்கால் போட்டுக் குனிந்து, கையைத் தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டார், கை என் முழங்காலைத் தொட்டு, கணுக்காலைத் தொட்டு, குதிகாலுக்கு அடியில் நுழைந்தது. நான் காலைத் தூக்கினேன். சபை எழுந்து நின்றுவிட்டது. "ஆமாய்யா," என்றார் பாக்கியநாதன், கன்னம் தண்ணீரில் பட, குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, "இழுக்குது. ஒரு விரல்தான்யா இருக்கு. ஒரு விரல்தான்." விரலை அதிலேயே வைத்துக்கொண்டார், எடுக்கவில்லை.